சக்கர நாற்காலி ஸ்டிக்கருக்கு யார் கையெழுத்து?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "கார் நிறுத்துமிடமும் மூத்தோர் வசதியும்". அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவரால் அதிக தூரம் நடக்க முடியவில்லை, ஆகவே அவருடைய வண்டி லிஃப்ட் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் சொல்ல வேண்டும்? அவரேயா, அவருடைய டாக்டரா, அரசு ஆஸ்பத்திரியா, நம் கமிட்டியா? இரண்டு மாதமாக நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

நம் ஸ்டில்ட் தளத்தில் இப்போது மூன்று கார்களில் சக்கர நாற்காலி படம் போட்ட நீல ஸ்டிக்கர் இருக்கிறது. ஒன்று, முறையான சான்றிதழ் வைத்திருப்பவருடையது. இன்னொன்று, சான்றிதழ் இல்லாவிட்டாலும் உண்மையிலேயே தேவை உள்ளவருடையது. மூன்றாவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அவருக்கே தெரியும். கார் உதிரிபாகக் கடையில் இந்த ஸ்டிக்கர் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்குபவரிடம் யாரும் ஒரு காகிதமும் கேட்பதில்லை.

அந்தப் படம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற மாணவி வரைந்தது அது. அவர் வரைந்தபோது நாற்காலி மட்டும்தான் இருந்தது, தலை பிறகு சேர்க்கப்பட்டது. "இந்த இடத்துக்குச் சக்கர நாற்காலியில் வரலாம்" என்று சொல்வதுதான் அதன் வேலை. சாய்தளத்துக்கும் கழிவறைக்கும் லிஃப்டுக்கும் போடுகிற அடையாளம் அது. ஒரு மனிதருக்கு உரிமை உண்டு என்பதற்கு அது சான்று ஆகாது. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், செக் புத்தகம் கையில் இருந்தால் மட்டும் போதாது, கையெழுத்து யாருடையது என்று பார்த்துத்தான் பணம் கொடுப்போம்.

உங்களில் பாதிப்பேர் பிள்ளைகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் வந்தவர்கள். அங்கே கடை வாசலில் நீலக் கோடு போட்ட இடத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள், கண்ணாடிக்கு மேலே ஓர் அட்டையைத் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீலம் என்றால் நிரந்தரம், சிவப்பு என்றால் தற்காலிகம். அந்த அட்டையை அரசு வாகனத்துறை கொடுக்கிறது. ஆனால் "இவருக்குத் தேவைதான்" என்று எழுதிக் கொடுப்பவர் பக்கத்துத் தெரு டாக்டராக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் டாக்டர் மட்டுமல்ல, மருத்துவ உதவியாளர், நர்ஸ் பிராக்டிஷனர் ஆகியோரும் கையெழுத்துப் போடலாம். முதுகெலும்பு சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர், பார்வைக்கு ஆப்டோமெட்ரிஸ்ட், பாதத்துக்கு அதற்கான நிபுணர் என்று அவரவர் துறைக்குள் மற்றவர்களுக்கும் அதிகாரம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் இந்தப் பட்டியல் மாறும்.

எவ்வளவு நடக்க முடியாதவருக்கு அட்டை என்பதற்கும் அங்கே கணக்கு இருக்கிறது. 1991இல் மத்திய அரசு வகுத்த பொது முறையில், நடுவில் நின்று இளைப்பாறாமல் 200 அடி நடக்க முடியாதவர் தகுதி உள்ளவர். அதாவது சுமார் 60 மீட்டர். கையோடு ஆக்சிஜன் எடுத்துச் செல்பவரும், இதய நோய் முற்றியவரும் அதில் வருவார்கள். கால் எலும்பு முறிந்தவருக்கு ஆறு மாதத்துக்கு மிகாமல் சிவப்பு அட்டை. எனக்குப் பிடித்த ஒரு விஷயம், அட்டை ஆளுக்குரியது, காருக்குரியது அல்ல. தாத்தா வீட்டில் தூங்கும்போது பேரன் அந்த அட்டையை மாட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போக முடியாது.

இங்கிலாந்தில் முறை வேறு. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளூர் கவுன்சில்தான் அட்டை தருகிறது, முடிவெடுப்பதும் அதுவே. 2019 ஆகஸ்ட் முதல் வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர்களும் இங்கிலாந்தில் அதைக் கேட்கலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கண்ணாடியில் தொங்கவிடுகிற மாதிரி, நாடு முழுவதற்குமான பார்க்கிங் அட்டை என்று நம்மிடம் ஒன்றும் இல்லை. நம்மிடம் இருப்பது மாற்றுத்திறனாளி சான்றிதழும், அதை ஒட்டிய யுடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டையும்தான். பஸ் சலுகை, ரயில் சலுகை, வருமான வரி, எல்லாவற்றுக்கும் மூலப் பத்திரம் அதுவே. பார்க்கிங் உரிமை கேட்டாலும் கடைசியில் அதைத்தான் காட்ட வேண்டும்.

அதற்கு யார் கையெழுத்து? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 57ஆவது பிரிவு ஒரே வரியில் பதில் சொல்கிறது. அரசு யாரைச் சான்றளிக்கும் அதிகாரியாக அறிவித்திருக்கிறதோ அவர் மட்டும். தில்லைநகரில் ஆயிரம் ரூபாய் கன்சல்டிங் வாங்கும் எலும்பு நிபுணராக இருக்கட்டும், நம்மை இருபது வருஷமாகப் பார்க்கும் குடும்ப டாக்டராக இருக்கட்டும், அரசு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்காவிட்டால் அவருடைய கடிதம் சான்றிதழ் ஆகாது. பிசியோதெரபிஸ்டும் அப்படித்தான். காது சோதனை செய்யும் ஆடியாலஜிஸ்டும், அறிவுத்திறன் சோதனை செய்யும் உளவியலாளரும் அளந்து கொடுப்பார்கள், சான்றிதழில் கையெழுத்து மருத்துவக் குழுவுடையது.

அதற்காகத் தனியார் டாக்டரின் காகிதம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம் குழுவின் முன்னால் சாட்சிகள். சாட்சி வேறு, தீர்ப்பு வேறு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்குப் பக்கத்தில் என்றால் புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. குடியிருக்கும் மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விதி அப்படிக் கட்டிப்போடவில்லை. நீங்கள் அந்தக் குறைபாட்டுக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்ட அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது அங்கே ஜி.ஹெச்.இல் சிகிச்சை எடுத்த நம் குடியிருப்புக்காரர் ஒருவருக்கு இது உதவியது.

2021 ஜூன் 1 முதல் சான்றிதழை யுடிஐடி இணையதளம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது கட்டாயம். வீட்டிலேயே செய்யலாம், முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். ஆதார், சமீபத்திய போட்டோ, கையெழுத்து அல்லது கைரேகை, பழைய அடையாள அட்டைப் புத்தகம் இருந்தால் அதன் நகல், இவை வேண்டும். சிறு பிள்ளைகளுக்கும், தானாக விண்ணப்பிக்க முடியாதவர்களுக்கும் பாதுகாவலர் விண்ணப்பிக்கலாம். பிறகு மருத்துவமனை கூப்பிடும் நாளில் நேரில் போக வேண்டும். எந்தத் துறைக்கு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

போகும்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், என் சகோதரியோடு இரண்டு தடவை போன அனுபவத்தில். ஒன்றாம் நம்பர் பஸ்ஸை நம்ப வேண்டாம், நடக்க முடியாதவரை ஏற்றி இறக்குவதே பாடு. ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமையும் கொண்டு போங்கள். இரண்டு செட் ஜெராக்ஸ். கைத்தடி, வாக்கர், காதுக் கருவி, எதை வீட்டில் பயன்படுத்துகிறீர்களோ அதோடு போங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. வெளியே கிளம்புவது என்றால் இஸ்திரி வேட்டி, நெற்றி நிறைய திருமண். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஒண்ணுமில்லை டாக்டர், ஏதோ கொஞ்சம் தடுமாறும், பெருமாள் புண்ணியத்துல நன்னாருக்கேன்" என்று பதில். வீட்டில் பாத்ரூம் போக மாமி கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அங்கே சொல்லாமல் எங்கே சொல்வது? அவர் அளக்கிறவர். நாம் கொடுக்கிற அளவைத்தான் அவரால் எழுத முடியும்.

சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் ஏழுதான் இருந்தன. நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது, பார்க்கின்சன் நோய் இப்போது பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி அட்டைக்கு மூன்று நிறம். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். முன்பு ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றிருந்ததை அதே திருத்தம் மூன்று மாதமாக்கியது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், 59ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. ஒரு மாநிலத்தில் கொடுத்த சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.

வண்டிக்கு வருகிறேன். 2020 அக்டோபரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவுப் படிவத்தை மாற்றி, உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்பதை ஆர்.சி.யில் பதிய வழி செய்தது. 'திவ்யாங்ஜன்' என்று அதில் வரும். புது வண்டி வாங்குகிறவர்கள் டீலரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கிய ஸ்டிக்கரை விட ஆர்.சி.யில் இருக்கும் அந்த ஒரு சொல் ஆயிரம் மடங்கு பலம்.

ஸ்டிக்கர் பற்றி இன்னொன்று. பொய்யாக மாற்றுத்திறனாளிக்குரிய சலுகையை அடைந்தால் 91ஆவது பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் ஸ்டில்ட் தளத்துக்குப் போலீஸ் வரப் போவதில்லை. ஆனாலும் சட்டம் இதை எவ்வளவு பெரிய விஷயமாக நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வரி கட்டுபவர்களுக்கு ஒரு இடைச்செருகல், பி.காம். படித்தவன் சும்மா இருக்க முடியாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் நமக்குப் பழகிய 80யு பிரிவில் மாற்றுத்திறனாளிக்கு 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. அதற்கும் அரசு மருத்துவ அதிகாரியின் சான்றே வேண்டும். ஆனால் 80டிடிபி என்ற மருத்துவச் செலவுப் பிரிவுக்கு, பார்க்கின்சன் போன்ற நோய்களுக்கு, தகுதியுள்ள நரம்பியல் நிபுணர் தனியாராக இருந்தாலும் அவருடைய சீட்டு போதும். இரண்டும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ஒரே நோய், ஒரே ஆள், ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் கையெழுத்துப் போடுபவர் மாறுகிறார். நம் பார்க்கிங்குக்கும் இந்த வழியில்தான் விடை தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால், "யுடிஐடி அட்டை இருந்தால் இடம், இல்லாவிட்டால் இல்லை, தகராறே வேண்டாம்" என்று குழுவில் பலர் எழுதியிருந்தீர்கள். கேட்பதற்குச் சுத்தமாக இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை.

பக்கவாதம் வந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு சம்பந்தப்பட்ட குறைபாட்டை, நோய் வந்து ஆறு மாதம் ஆன பிறகே சான்றிதழுக்காக அளப்பது வழக்கம், மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிகள் அப்படித்தான் சொல்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது, ஆறு மாதத்தில் எவ்வளவோ தேறலாம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஆறு மாதம்தானே மிகவும் கஷ்டம்? பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் போக வேண்டிய காலமும் அதுதான். முழங்கால் மாற்று அறுவை செய்தவர் இரண்டு மூன்று மாதத்தில் நன்றாக நடந்துவிடுவார், அவருக்கு நிரந்தரச் சான்றிதழ் எதற்கு? ஆனால் அந்த மூன்று மாதம்?

இதய நோயாளி, நுரையீரல் நோயாளி, டயாலிசிஸுக்குப் போகிறவர், இவர்களுடைய நோய் அந்த 21இல் இல்லவே இல்லை. நம் குடியிருப்பில் டயாலிசிஸ் முடிந்து வருகிற ஒருவர், கார் நிற்கும் இடத்திலிருந்து லிஃப்டுக்கு வருவதற்குள் இரண்டு தூணில் சாய்ந்து நிற்கிறார். கலிஃபோர்னியாவில் மூச்சு வாங்குகிறவருக்கு அட்டை கிடைக்கும். புத்தூரில் அந்தக் காரணத்துக்காகச் சான்றிதழ் கிடைக்காது. அங்கிருக்கும் டாக்டர்கள் மேல் தப்பில்லை, சட்டத்தில் இடமில்லை.

மறுபக்கமும் பாருங்கள். காது கேளாதவருக்கு 60 சதவீதச் சான்றிதழ் இருக்கலாம், நடையில் ஒரு குறையும் இல்லை. அவரே "எனக்கு லிஃப்ட் பக்கத்தில் இடம் வேண்டாம் சார்" என்று என்னிடம் சொன்னார். ஆகவே சதவீதம் மட்டும் பார்த்தும் முடிவெடுக்க முடியாது. அட்டையில் எந்த வகைக் குறைபாடு என்றும் எழுதியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும்.

இப்போது மூன்றாம் மாடி மாமாவைப் பற்றி. அவர் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவருக்குப் பார்க்கின்சன். முறையாக விண்ணப்பித்து மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறார். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் கடைசித் தூணுக்குப் பக்கத்தில். நான் டேப் வைத்து அளந்தேன், லிஃப்ட் வாசலிலிருந்து 41 மீட்டர். குழுவில் ஒருவர் எழுதினார், "காலையில் அவர் உத்தர வீதி வரை நடந்து போய் வருவதை நானே பார்த்தேன், இவருக்கு எதற்குச் சலுகை?" பார்த்தது உண்மைதான். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் அவர் நடப்பார். அது குறைகிற நேரத்தில் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும், ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. அந்த நோயின் தன்மை அது. சென்ற மாதம் ஒரு மாலை இரண்டு கார்களுக்கு நடுவில் அப்படி நின்றுவிட்டார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமி இறங்கி ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் நின்றது. ஓட்டியவர் கெட்டவர் அல்ல, அவருக்குத் தெரியாது. "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்ல நமக்கு எந்த மெடிக்கல் கவுன்சிலும் பதிவெண் கொடுக்கவில்லை. கமிட்டி செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

என் யோசனை இது. நிரந்தரமான தேவைக்கு யுடிஐடி அட்டை, அதில் நடையைப் பாதிக்கும் குறைபாடோ, பார்வைக் குறைபாடோ, துணையில்லாமல் விட முடியாத குழந்தையின் ஆட்டிசம் போன்றதோ இருக்க வேண்டும். மஞ்சளா நீலமா என்று பேதம் பார்க்க வேண்டாம். தற்காலிகத் தேவைக்கும், சட்டத்தின் பட்டியலில் வராத நோய்க்கும், பதிவு பெற்ற எந்த டாக்டரின் கடிதமும் போதும். அந்தக் கடிதத்தில் நோயின் பெயர் வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்க முடியும், இந்த நிலை எந்த மாதம் வரை என்று இரண்டு வரி, டாக்டரின் பதிவெண், தேதி. ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. தேவை தொடர்ந்தால் புதுக் கடிதம். நவம்பரில் நாம் எல்லோரும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கவில்லையா? உயிரோடு இருப்பதையே வருஷா வருஷம் நிரூபிக்கிறோம், இதில் என்ன கஷ்டம்?

"டாக்டர் லெட்டர் போதும் என்றால் எல்லோரும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்களே" என்று பொருளாளர் சார் கேட்டார். வரலாம். ஆனால் டாக்டர் தன் பதிவெண்ணைப் போட்டு, "50 அடிக்கு மேல் நடக்க முடியாது" என்று எழுதிக் கொடுத்த பிறகு, அந்த ஆள் அடுத்த நாள் நம் கண் முன்னால் மொட்டை மாடியில் ஷட்டில் ஆட முடியுமா? 48 வீடு இருக்கிற கட்டடத்தில் அந்த வெட்கம் போதும். கூடவே, இடம் ஆளுக்குத்தான் என்று எழுதிவிடுவோம். அவர் வண்டியில் இருக்கும்போதும் அவரை அழைத்துப் போய் வரும்போதும் மட்டும்தான் அந்த இடம்.

கடிதத்தையும் அட்டையையும் செயலாளரும் அவரோடு ஒருவரும் மட்டும் பார்க்க வேண்டும். யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டும் வாட்ஸ்அப்பில் வரக்கூடாது. வங்கியில் ஒரு கணக்கின் இருப்பை இன்னொரு வாடிக்கையாளரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதுவும் அதே மாதிரிதான்.

இடத்துக்கு எங்கே போவது? 2016இல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்ட அணுகல் நெறிகளின்படி, வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளத்தில் இரண்டு இடம் வேண்டும். சாதாரணக் கார் இடத்தின் அகலம் 2.5 மீட்டர். கூடுதல் அகலம் எதற்கு என்றால், கதவை முழுதாகத் திறந்து சக்கர நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவர. இந்த நெறிகள் கட்டாயமா, ஆலோசனையா என்று நீண்ட நாள் இழுபறி. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையாக எழுதியிருந்த விதி சட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்லி, கட்டாயமான தரங்களை வகுக்க மூன்று மாதம் கொடுத்தது. நம் கட்டடம் பழையது, நம்மை யாரும் இன்றைக்கே இடித்துக் கட்டச் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிஃப்டுக்கு எதிரே விருந்தினர் கார் நிறுத்த மூன்று இடம் வரிசையாக, நடுவில் தூண் இல்லாமல் இருக்கிறது. மூன்று இரண்டரை, ஏழரை மீட்டர். இரண்டு 3.6 என்றால் 7.2 மீட்டர். பெயிண்ட் அடித்தால் முடிந்தது, இன்னும் ஒரு அடி மிச்சம் இருக்கும்.

விருந்தினர் எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்பீர்கள். வைகுண்ட ஏகாதசிக்கு உறவுக்காரர்கள் பத்து காரில் வந்தபோது என்ன செய்தோமோ அதையே செய்வோம், தெருவில் நிறுத்துவார்கள். அவர்களால் நடக்க முடியும்.

மூன்றாவதாக யாராவது வந்தால் இடமாற்றம்தான் வழி. கிரயப் பத்திரத்தில் எழுதிய இடத்தைக் கமிட்டி பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. இருவரும் சம்மதித்து, எவ்வளவு காலம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். உரிமை பத்திரத்தில் இருப்பவருக்கே. இதற்குப் படிவம் ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். மூன்றாம் மாடி மாமாவுக்காக இரண்டாம் மாடியில் ஒரு தம்பி, 19ஆம் எண் இடத்தை மாற்றிக்கொள்ள ஏற்கெனவே சம்மதித்துவிட்டார். கூட்டம் அனுமதித்தால் பெயிண்ட் காயும் வரைக்கும் கூடக் காத்திருக்க வேண்டாம்.

விண்ணப்பம் போட வேண்டியவர்கள் வருகிற இரண்டு ஞாயிறும் காலை பத்து மணிக்கு மேல் நூலக அறைக்கு வாருங்கள், நான் மடிக்கணினியோடு இருப்பேன். ஆதார், அதில் பதிந்த செல்போன், போட்டோ, பழைய அட்டை, ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். ஓ.டி.பி. வரும்போது செல்போன் மாடியில் சார்ஜில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். விண்ணப்பம் மூன்று மாதம் தாண்டியும் நகராமல் இருப்பவர்கள் விண்ணப்ப எண்ணைக் கொண்டு வாருங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு கடிதமும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒரு மனுவும் சேர்ந்தே எழுதிவிடலாம்.